டிஸ்சார்ஜ் ஆனதும் கூடும் மாத்திரைகள்: முதியவர்களுக்கு மருந்தைக் குறைப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது 7 மாத்திரை. ஒரு வாரம் கழித்து டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது 11. வயதான அப்பா, அம்மா இருக்கும் பல வீடுகளுக்கு இது புதிதல்ல. "எல்லாத்தையும் கன்டினியூ பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். எதை எத்தனை நாளைக்கு, எதற்காக என்பது பெரும்பாலும் சீட்டில் இருக்காது. அடுத்த முறை அட்மிட் ஆகும்போது அந்தப் பட்டியலின் மேல் இன்னும் இரண்டு ஏறும்.

ஒருவர் தினமும் 5 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எடுத்துக்கொள்வதை 'பாலிஃபார்மசி' என்கிறார்கள். எண்ணிக்கை மட்டுமே குற்றமல்ல. மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிக்கு 5 மருந்துகள் நியாயமாகவே தேவைப்படலாம். தேவை முடிந்தபிறகும் தொடரும் மருந்தும், நன்மையைவிடத் தீமை அதிகமாகிவிட்ட மருந்தும்தான் சிக்கல். அவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் 'டீபிரிஸ்கிரைபிங்' என்று பெயர். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய 'தீங்கில்லாத மருந்து' திட்டம் மூன்று விஷயங்களை முன்னுரிமையாக எடுத்துக்கொண்டது. அதில் பாலிஃபார்மசி ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு என நோயாளி இடம் மாறும்போது நடக்கும் மருந்துக் குழப்பம் இன்னொன்று.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2021-க்கான மத்திய அரசின் கணிப்புப்படி இங்கே 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம்.

அதே மாத்திரை, வேறு உடம்பு

50 வயதில் ஒத்துக்கொண்ட மாத்திரை 75 வயதில் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. உடலில் கொழுப்பின் விகிதம் கூடுவதால் டயசிபாம் போன்ற மருந்துகள் நீண்ட நேரம் தங்கிவிடுகின்றன. இரவு போட்ட தூக்க மாத்திரை காலையிலும் தள்ளாட்டம் தரும். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பழி வழுக்கும் டைல்ஸ் மீது போகும், மாத்திரை தப்பித்துவிடும்.

சர்க்கரை விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தனிப் பெருமை உண்டு: "அப்பாவுக்கு ஹெச்பிஏ1சி 6.2 தான், சூப்பர் கன்ட்ரோல்!" 80 வயதில், கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அந்த எண் உண்மையில் கவலைக்குரியது. ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம், குழப்பம், சில நேரம் உயிராபத்து வரை போகலாம். பல நோய்களும் உடல் தளர்ச்சியும் உள்ள முதியவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தாலே போதும் என்பதுதான் அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். கன்ட்ரோல் 'சூப்பராக' இருக்கும்போதுதான் டோஸைக் குறைக்கலாமா என்று கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

ஒரு மாத்திரை இன்னொன்றைக் கூட்டி வரும்

பிரஷருக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். சில மாதத்தில் "டாக்டர், கால் வீங்குது" என்கிறார் நோயாளி. அது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுதான். ஆனால் வேறொரு டாக்டர் பார்த்தால், நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதுகிறார். அதனால் பொட்டாசியம் குறைய, அதற்கு ஒரு சிரப். யூரிக் ஆசிட் ஏறி கட்டைவிரல் வீங்க, அதற்கு வலி மாத்திரை. வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். உடனே பிரஷர் மாத்திரையின் டோஸைக் கூட்டுகிறார்கள்!

இதை 'பரிந்துரைச் சங்கிலி' எனலாம். இந்தியாவில் நரம்பியல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் இன்னொரு சங்கிலி உண்டு. தலைசுற்றலுக்கு ஒரு வாரத்துக்கு என்று சின்னரிசின் அல்லது புரோகுளோர்பெரசின் எழுதிக் கொடுப்பார்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுவார்கள். பிறகு கை நடுங்கும், நடை தளரும். பார்கின்சன் என்று நினைத்து அதற்கும் மருந்து தொடங்கும். தலைசுற்றல் மாத்திரையை நிறுத்தினாலே பலருக்கு நடுக்கம் மெல்லக் குறைந்துவிடும். ஆனால் அதற்கு முதலில் யாராவது அந்தப் பழைய சீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது?

வார்டில் இருக்கும்போது வயிறு புண்ணாகாமல் இருக்க பான்டாபிரசோல் கொடுப்பார்கள். சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றால் அல்பிரசோலாம். இரண்டும் அந்த நாட்களுக்கு சரிதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் பிரச்சினை. ஆஸ்பிரின் போன்றவை எடுக்கும் முதியவருக்கு வயிற்றைக் காக்கும் மாத்திரை தொடர்ந்து தேவைப்படலாம். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல் "கேஸ் மாத்திரை" என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள்தான் ஏராளம்.

இதய மருத்துவர் இதயத்தைப் பார்க்கிறார். சர்க்கரை மருத்துவர் சர்க்கரையைப் பார்க்கிறார். எலும்பு மருத்துவர் முழங்காலைப் பார்க்கிறார். மொத்தப் பட்டியலுக்கு யார் பொறுப்பு? ஒருவர் எழுதியதை இன்னொருவர் நிறுத்தத் தயங்குவது இயல்பு. நிறுத்தியபிறகு ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி நிறுத்தியவரைத்தான் கேட்பார்கள். தொடர்ந்து கொடுத்ததால் வரும் கெடுதலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் பிராண்ட் பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே மருந்து இரண்டு டாக்டர்களிடமிருந்து இரண்டு பெயர்களில் வந்து, இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. மருந்தின் பொதுப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. மருத்துவர்களின் எதிர்ப்பால் அதே மாதம் நிறுத்தி வைத்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எந்த மருந்துகளை முதியவர்களுக்குத் தவிர்க்கலாம் என்பதற்குப் பட்டியல்கள் உள்ளன. அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் 1991-ல் தொடங்கிய 'பியர்ஸ்' பட்டியல் 2023 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அயர்லாந்தில் உருவான 'ஸ்டாப்-ஸ்டார்ட்' பட்டியல் நிறுத்த வேண்டியவற்றோடு, விட்டுப்போன அவசியமான மருந்துகளையும் நினைவூட்டுகிறது.

இதை ஆஸ்பத்திரியில் வைத்துப் பெரிய அளவில் சோதித்தது 'ஒபெராம்' என்ற ஐரோப்பிய ஆய்வு. சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், அயர்லாந்து ஆகிய 4 நாடுகளில் அட்மிட் ஆன, 70 வயதைத் தாண்டிய, நாள்பட்ட நோய்கள் பல உள்ள 2,008 பேர் இதில் சேர்ந்தார்கள். பாதிப் பேர் அளவில் எடுத்தால் ஆளுக்கு 9 மருந்துகளுக்குக் குறையாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் கணினி உதவியோடு பட்டியலை அலசிப் பரிந்துரை செய்தார்கள். அப்படி அலசப்பட்டவர்களில் 86 சதவீதம் பேரிடம் பொருத்தமற்ற மருந்து ஏதோ ஒன்று இருந்தது.

2021-ல் வெளியான முடிவு பலரை ஏமாற்றியது. ஓராண்டுக்குள் மருந்துப் பிரச்சினையால் மீண்டும் அட்மிட் ஆனவர்கள் அலசல் நடந்த குழுவில் 21.9 சதவீதம், நடக்காத குழுவில் 22.4 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். கனடாவில் 11 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2022-ல் வெளியான 'மெட்சேஃபர்' ஆய்விலும் இதே கதை. தேவையற்ற மருந்து குறைந்தது ஒன்றாவது நிறுத்தப்பட்டவர்களின் பங்கு 29.8 சதவீதத்திலிருந்து 55.4 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அடுத்த 30 நாளில் மருந்தால் வந்த பாதிப்புகள் குறையவில்லை.

அப்படியென்றால் வீண் வேலையா? இந்த எண்களைத் திருப்பியும் படிக்க வேண்டும். மருந்தைக் குறைத்தவர்களுக்குக் கெடுதல் கூடவில்லை. குறைவான மாத்திரை, குறைவான செலவு, அதே உடல்நிலை என்றால் அது சின்ன லாபமல்ல, மாத்திரைக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கைக்காசு செலவழிக்கும் இந்தியக் குடும்பங்களுக்கு நிச்சயம் அல்ல. இன்னொன்று, ஒபெராமில் பரிந்துரை பெற்றவர்களில் 62 சதவீதம் பேரிடம்தான் இரண்டு மாதத்தில் ஒன்றாவது நடைமுறைக்கு வந்திருந்தது. அட்மிட் ஆகியிருக்கும் நாலைந்து நாளில் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிட்டு, அதன்பின் யாரும் பின்தொடராவிட்டால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

நோயாளியையே சேர்த்துக்கொண்டால் கதை மாறுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மருந்தாளுநர்கள் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அவர்களின் தூக்க மாத்திரை போன்ற மருந்து பற்றி எளிய கையேடு கொடுத்தார்கள். அவர்களின் டாக்டருக்கும் கடிதம் எழுதினார்கள். 6 மாதத்தில் 43 சதவீதம் பேர் அந்த மருந்தை நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 12 சதவீதம்தான்.

வீட்டிலேயே நிறுத்தலாமா?

கூடாது. இதில் சமரசமே இல்லை. இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை விட்டால் மாரடைப்பு வரலாம். ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, பல ஆண்டுகள் போட்ட தூக்க மாத்திரை எல்லாம் படிப்படியாகத்தான் குறைக்கப்பட வேண்டும். "யூடியூப்ல சொன்னாங்க" என்று மாத்திரையை விட்டுவிட்டு எமர்ஜென்சிக்கு வருபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்பதற்கு மட்டும் தடையில்லை. அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகலாம். கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, சித்த மருந்து, லேகியம் உட்பட. "இது எதுக்கு, இன்னும் தேவையா, எப்போ நிறுத்தலாம்?" என்ற மூன்று கேள்விகளுக்கு 5 நிமிடம் போதும். கூட்டமான ஓபியில் அந்த 5 நிமிடம் கிடைக்காது என்றால் பட்டியல் சரிபார்ப்புக்கென்றே தனியாக ஒரு அப்பாயின்ட்மென்ட் கேட்கலாம். டிஸ்சார்ஜ் அன்று இன்சூரன்ஸ் பேப்பருக்காகக் காத்திருக்கும் நேரம் இதற்கு நல்ல சந்தர்ப்பம். பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எது புதிது, எது மாறியது என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித்துறை சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-லேயே தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் மாத்திரை தடையில்லாமல் கிடைப்பது ஒரு வேலை, அது இன்னும் தேவையா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு இங்கே இன்னும் பெரும்பாலும் ஆள் இல்லை.

டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தச் சொன்னால், பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்துவார். அடுத்த சில வாரங்களுக்குப் பிரஷர், சர்க்கரை, தூக்கம் எப்படி இருக்கிறது என்று குறித்து வைப்பது நல்லது. எந்தத் தேதியில், எதற்காக நிறுத்தப்பட்டது என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் பழைய பட்டியலைப் பார்த்து அதே மாத்திரையை மறுபடி எழுதிவிடுவார்கள்.