கோடரி எங்கே?

வளைகுடாவில் வேலையிழந்து திரும்பிய நாற்பது வயதுச் சகோதரரை 3 மாதக் கணினிப் பயிற்சியில் சேர்த்து, சான்றிதழ் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிந்ததென எண்ணும் ஜமாஅத்துகள் உண்டு. அந்த 3 மாதமும் அவர் வீட்டு அடுப்பு எரிய எவர் பொறுப்பு?

யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் 2 திர்ஹத்திற்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. காம்பைத் தம் கரத்தாலேயே பூட்டிக் கொடுத்து, 15 நாள் விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். தோழர் 10 திர்ஹம் ஈட்டித் திரும்பியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உணவே முதலில் என்பதைக் கவனியுங்கள்.

மடிக்கணினி இல்லாதவருக்கு நிரலெழுதக் கற்பிப்பது, கோடரியின்றி விறகு வெட்டச் சொல்வதே. வறியோருக்கும் கடன்பட்டோருக்கும் உரிய ஜகாத்திலிருந்து அவ்விரண்டையும் வழங்க நமக்குத் தடை என்ன?