ஒரிஜினல் என்னும் மூடநம்பிக்கை

பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்களைச் சேகரிப்பவர்கள் நடுவே ‘ஒரிஜினல்’ என்ற சொல் மந்திரமாகவே ஆகிவிட்டது. தொட்டி, பம்ப், பர்னர், கால்கள் எல்லாம் ஒரே தொழிற்சாலையில், முடிந்தால் ஒரே ஆண்டில் செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும். முதன்முதலில் கடையில் வாங்கியபோது எப்படி மின்னியதோ அப்படி மின்னவேண்டும். அப்படியிருந்தால் அது மீட்டெடுக்கப்பட்ட ஸ்டவ். ஒன்றின் தொட்டியில் இன்னொன்றின் பர்னரைப் பூட்டி, மூன்றாவதன் கால்களை மாட்டியிருந்தால் அது ‘ஒட்டுப்போட்டது’. பழைய இரும்புக்கடைக்கு உரியது. இந்தப் பாகுபாட்டை நம்மவர்களும் விவாதமில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் கிடைக்கும் ஸ்டவ்களைப் பொறுத்தவரை இது அடிப்படையிலேயே தவறு என்பது என் தரப்பு. இங்கே ஒட்டுப்போட்டதுதான் உண்மையான ஸ்டவ். அதை ‘மீட்டெடுக்கிறேன்’ என்று கிளம்புகிறவர்கள் ஒரு வரலாற்றை அழிக்கிறார்கள்.

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1892இல் ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய அடுப்பு இது. திரி கிடையாது. தொட்டிக்குள் காற்றை அடித்தால் மண்ணெண்ணெய் குழாய்வழி மேலேறும். சூடான பர்னரில் ஆவியாகி, நிப்பிளின் மயிரிழைத் துளைவழியே சீறி, நீலநிறத்தில் எரியும். பிரைமஸ் என்ற அதன் வணிகப்பெயர் உலகின் பல மொழிகளில் அந்த அடுப்பு வகைக்கே பெயராகிவிட்டது. 1911இல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குச் சென்றபோதும், 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டில் ஏறியபோதும் கூடச் சென்றது இந்த அடுப்புதான். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இதைக் கூடார அடுப்பாக, சாகசத்தின் நினைவுச்சின்னமாகப் பார்ப்பதில் வியப்பில்லை. அவர்கள் வரலாறு அப்படி.

நம் சமவெளியில் யார் கூடாரம் அடித்தார்கள்? உல்லாசத்துக்காக எவரும் அடிக்கவில்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இருந்து வடக்கே சரக்கு ஏற்றிச்சென்ற லாரிக்காரர்கள் அடித்தார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வேறு மாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிய தொழிலாளர்கள் அடித்தார்கள். ரொட்டி தின்று நாக்கு செத்துப்போனவர்கள் சாலையோரப் புளியமரத்தடியில் லாரியை நிறுத்தி, டயருக்கு மறைவில் காற்று படாமல் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு வாய் சோறும் புளிக்குழம்பும் பொங்கித் தின்றார்கள். நம்மூரின் ‘கேம்பிங் ஸ்டவ்’ என்றால் அதுதான். அதன் வழித்தடம் தென்துருவத்துக்குப் போகவில்லை. நாகபுரிக்கும் இந்தூருக்கும் போயிற்று.

அப்படிப்பட்ட ஸ்டவ் எப்படி முழுசாகத் திரும்பிவரும்? குலுக்கலில் கால் ஒடியும். கலப்பட மண்ணெண்ணெயில் பர்னர் அடைத்துப்போகும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கும். எங்கோ ஓர் ஊரில், கிடைத்த கடையில், கிடைத்த உதிரியைப் போட்டுத்தான் அடுத்த வேளைச் சோறு. ஊர் திரும்பினால் இங்கிருக்கும் ரிப்பேர்க்காரர் தன் தகர டப்பாவைக் கவிழ்ப்பார். பத்து ஸ்டவ்களின் மிச்சம் அதில் கிடக்கும். பொருந்துவதை எடுத்துப் பூட்டுவார். மரை பொருந்தாவிட்டால் மரை வெட்டிப் பொருத்துவார். இருபது வருடம் ஓடிய ஸ்டவ்வில் தொட்டி மட்டுமே பழசாக இருக்கும். பிரைமஸ் ஸ்டவ்களில் 1911 முதல் ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தைப் பொறித்தார்கள். நம் நண்பர்கள் பூதக்கண்ணாடி வைத்து அதைப் படித்துவிட்டு ‘ஸ்டவ்வின் வயது’ என்கிறார்கள். அது தொட்டியின் வயது. ஸ்டவ்வின் வாழ்க்கை அதன் மாற்றப்பட்ட பாகங்களில் இருக்கிறது.

இதை நாமக்கல்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக, ஓட்டுநருக்குக் கூரைகூட இல்லாமல் வந்துசேரும் வண்டிக்கு மரமும் இரும்பும் வைத்து உடம்பு கட்டிக்கொடுத்தே பேர் வாங்கிய ஊர் அது. இங்கே கூண்டு கட்டப்பட்ட லாரியில் ‘ஒரிஜினல்’ எது? எஞ்சின் செய்த கம்பெனியா, கேபின் அடித்த தச்சரா, முகப்பில் பூவும் பெயரும் வரைந்த பெயிண்டரா? பிறக்கும்போதே பல கைகளால் சேர்க்கப்பட்ட பொருட்களோடு வாழ்ந்த சமூகத்திடம் வந்து, ஒரே ஆலையில் பிறந்ததுதான் தூய்மை என்று பாடம் நடத்துவது வேடிக்கைதான்.

அடுத்தது மெருகு. சேகரிப்பாளர் ஸ்டவ்வை வாங்கியதும் செய்யும் முதல் காரியம் அமிலத்தில் ஊறவைத்து, பஃப் இயந்திரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவது. பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சில ஸ்டவ் தொட்டிகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன்: ஒரு பெண்ணின் பெயரின் முதலெழுத்து, சீர் கொடுத்த தேதி, சிலவற்றில் லாரியின் எண். பஃப் சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் போதும், எழுத்து மழுங்கிவிடும். கோயில் திருப்பணி என்ற பெயரில் கற்சுவர்கள்மீது மணலைப் பீய்ச்சிச் சுத்தம்செய்து கல்வெட்டுகளைத் தேய்த்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். அதே காரியத்தைப் பித்தளையில் செய்தால் மட்டும் அது கலையார்வமா? கட்டடங்களைப் பேணுவது குறித்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் செய்த முறையான சேர்க்கைகளை மதிக்கவேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப்பணி நின்றுவிடவேண்டும். அரண்மனைக்குச் சொன்ன நியாயம் அடுப்புக்குப் பொருந்தாதா என்ன?

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் போகமுடியாது. பம்ப் ஸ்டவ் என்றதும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாளிதழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எவரெஸ்ட் அல்ல. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற நாலுவரிச் செய்தி. எத்தனையோ வரதட்சணைச் சாவுகள் அந்த நாலு வரிக்குள் ஒளிந்துகொண்டன. 1986இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு சேர்க்கப்பட்டதற்குப் பின்னால் அந்தச் செய்திகளின் நிழலும் உண்டு. வெடித்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டவ் சிதையாமல் முழுதாக இருந்ததே சாட்சியமான வழக்குகளும் உண்டு. ஒரு பொருளின் நெளிவும் கரியும் பற்றவைத்த தழும்பும் எவ்வளவு பேசும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வரவேற்பறை அலமாரியில் கண்ணாடிபோல மின்னும் ஸ்டவ் எதையும் பேசாது. அதைப் பார்க்கிறவருக்கு ஸ்வீடன் தெரியும். இந்த மண்ணின் சமையலறை தெரியாது.

என் தரப்புக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்றைப் பொருட்படுத்தவேண்டும்.

முதலாவது, ஒட்டுப்போட்டதை ஒரிஜினல் என்று விற்று ஏமாற்றுகிறார்கள் என்பது. உண்மைதான், அது மோசடிதான். ஆனால் குற்றம் ஒட்டுப்போட்டதில் இல்லை, மறைத்ததில் இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு இதற்கு நல்ல முன்னுதாரணம் தெரியும். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஒரே ஏட்டை நம்பிப் பதிப்பிக்கவில்லை. பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். பாடபேதங்களைக் காட்டினார், சிதைந்த இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பாமல் சிதைவு என்றே விட்டார். பல பிரதிகளிலிருந்து ஒன்றைச் சேர்ப்பது இழுக்கல்ல. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவதே இழுக்கு. ஸ்டவ்வின் தொட்டியோடு ஒரு துண்டுச்சீட்டைக் கட்டிவிடுங்கள்: பர்னர் இன்ன வகை, கால்கள் பின்னால் போட்டவை, வாஷர் இந்த வருடம் மாற்றியது. தீர்ந்தது பிரச்சினை.

இரண்டாவது, பாகங்களைக் கலப்பது ஆபத்து என்பது. இதில் பாதி உண்மை. தோல் வாஷர், பர்னருக்கு அடியில் வைக்கும் ஈய வாஷர், நிப்பிள் எல்லாம் தேய்ந்து மாறுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் ஒரிஜினல் தேடுவது அறியாமை. ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் பெட்ரோல் ஸ்டவ்வையும் கலக்கக்கூடாது. 1955இல் வந்த ஸ்வியா 123 போன்ற சிறு பெட்ரோல் அடுப்புகளில் பம்ப் இல்லை. தன் சூட்டிலேயே அழுத்தம் ஏறும். அதனால்தான் மூடியிலேயே பாதுகாப்பு வால்வு வைத்தார்கள். அந்த இடத்தில் சாதாரண மூடியைப் பூட்டுகிறவர் கையில் வைத்திருப்பது வெடிகுண்டு. விரிசல் விட்ட தொட்டியை ஒட்டி மறுபடி காற்றடிப்பதும் அப்படித்தான். இந்த எல்லைகள் நல்ல ரிப்பேர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். ஒரிஜினல் என்பதற்காக நூறு வயதான வால்வை அப்படியே விட்டுக் கொளுத்திக்காட்டும் தூய்மைவாதிகளுக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது, உதிரிக்காக நல்ல ஸ்டவ்களைப் பிரித்துவிடுகிறார்கள் என்பது. இதில் நான் அவர்கள் பக்கம். முழுதாக இருக்கும் ஒன்றைக் கழற்றி இரண்டு அரைகுறைகளைச் சரிசெய்வது சேர்ப்பதாகாது, கொள்ளை. ஆனால் அதை அதிகம் செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். தன் ஸ்டவ்வில் எல்லாம் ஒரே ஆண்டினதாக அமையவேண்டும் என்ற வெறியில், அதே ஆண்டின் இன்னொரு ஸ்டவ்வை வாங்கி அதன் பர்னரைப் பிடுங்கிக்கொள்கிறார் தூய்மைவாதி. அவருடைய ‘மீட்டெடுத்த’ ஸ்டவ்வும் ஒட்டுப்போட்டதுதான். ஒட்டு தெரியாமல் போட்டிருக்கிறார், அவ்வளவே.

தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் 2007இல் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா 2016இல் வந்தது. புகையிலிருந்தும் வெடிப்பிலிருந்தும் பெண்களைக் காத்த மாற்றம் அது. அதற்காக ஏங்க வேண்டியதில்லை. பம்ப் ஸ்டவ் சமையலறைக்குத் திரும்பிவரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. போனதைப் போனபடி நினைவில் வைப்போம் என்கிறேன். நம் தெருக்களில் ஸ்டவ் பின் விற்றவர்களும், ‘ஸ்டவ் ரிப்பேர்’ என்று கூவிக்கொண்டு போனவர்களும், பட்டறை ஓரத்தில் உட்கார்ந்து ஊதுகுழலோடு பற்றவைத்தவர்களும் எழுதிவைத்துப் போன நூல் எதுவும் இல்லை. அவர்கள் கைவேலை ஒன்றுதான் அவர்களின் ஏடு. பொருந்தாத காலில், வெட்டிய மரையில், கரடுமுரடான ஈயப்பற்றில் அது இன்னும் படிக்கக் கிடைக்கிறது. எஞ்சியிருப்போரும் வயதாகிப்போனார்கள். ஸ்டவ்வைப் பஃப் போடக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து, ‘இந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள், ஏன்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுதிவைத்த பிறகும் தேய்த்து மெருகேற்ற மனம் வருகிறதா என்று பார்ப்போம்.