கடிகாரத்தோடு பந்தயம்

இங்கிலாந்தின் சைக்கிள் கழகங்கள் ஞாயிறு காலைகளில் நடத்தும் ஓட்டங்களில் ஆரவாரம் குறைவு. நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தே புறப்படுவர், கடிகாரமே எதிரி.

1967 செப்டெம்பரில் நடந்த பன்னிரண்டு மணிநேர ஓட்டமொன்றை நாம் வியவாதிருத்தல் இயலாது. மோர்லிக் கழகத்துப் பெரில் பேட்டன் தோட்ட வேலை செய்தவர். ஒரு பிள்ளையின் தாய். ஆடவர்க்குப் பின்னே புறப்பட்ட அவர், ஒவ்வொருவராக முந்தி, முன்னணியில் நின்ற மைக் மக்நமாராவையும் எட்டிப் பிடித்தார். கடக்கையிலே ஓர் இனிப்புத் துண்டை நீட்டினாராம்! அவரும் நன்றி கூறி வாங்கிக்கொண்டார். மக்நமாரா அன்று ஆடவர் சாதனையைப் புதுப்பித்தார். பேட்டனோ 277¼ மைல் சென்று அதனையும் விஞ்சினார். பெண்களுக்கு மெல்லோட்டமே தகும் என்போர் அன்று எங்கே ஒளிந்தனரோ, நாம் அறியோம்.

ஒலிம்பிக்கிலே பெண்களுக்குச் சைக்கிளோட்டம் இடம்பெற்றது 1984 இல். அப்பொழுது பேட்டனுக்கு வயது 47.