ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் எங்கே?



"கல்லடைப்பா? வாழைத்தண்டு ஜூஸ் குடிடா, கரைஞ்சு போயிடும்!" இந்த யோசனையை எனக்குச் சொல்லாதவர் நம் ஹாஸ்டலில் யாருமில்லை. முதல் கல் வந்தபோது நானும் குடித்தேன். கல் வெளியேறியது, பெருமை வாழைத்தண்டுக்குப் போனது. ஒன்றரை வருடத்தில் இரண்டாவது கல்! விலாவிலிருந்து அடிவயிறு வரை இழுத்த வலியில் நான் ஃபிட்டிங் ஷாப் தரையில் உருண்டதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், சிறிய கல் பெரும்பாலும் தானாகவே சிறுநீரோடு வந்துவிடும். நம்மில் பலருக்கு வரும் கால்சியம் ஆக்சலேட் கல் எந்த ஜூஸுக்கும் கரையாது. மருந்தால் கரைக்க முடிவது யூரிக் அமிலக் கல்லைத்தான். எது நம்முடையது என்று தெரிய, வெளியே வரும் கல்லை வடிகட்டிப் பிடித்துச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். நான் முதல் கல்லைக் கோட்டை விட்டேன்.

மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாய்லரில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு ஏறி ஸ்கேல் படிகிறதல்லவா? அதே கதைதான். பாய்லருக்கு ப்ளோ டவுன் கொடுக்கிறோம், நம் உடம்புக்கு? ஃபவுண்டரியில் மூன்று மணி நேரம் வியர்த்துவிட்டு ஒரு டீயோடு சரி.

1996-இல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வு: முதல் முறை கல் வந்தவர்களில் ஒரு பிரிவினரை, தினமும் 2 லிட்டராவது சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 5 ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மறுபடி கல்; மற்றவர்களில் 27 பேருக்கு. வெறும் தண்ணீர்தானய்யா!

பாலை நிறுத்துவதும் தப்பு. உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. குறைக்க வேண்டியது உப்பை. (ஊறுகாய்க்காகவே மெஸ்ஸுக்குப் போகும் நண்பர்கள் மன்னிக்கவும்.) எலுமிச்சைச் சாறு நல்லது, உப்புப் போடாமல். வலியோடு காய்ச்சலும் வந்தால் ஜூஸ், கஷாயம் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அதிர்வலையால் கல்லை உடைக்கும் வைத்தியம் 1980-இல் மியூனிக்கில் தொடங்கியது. அந்த இயந்திரத்தைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி! ஆனால் அது இருக்கும் கல்லைத்தான் உடைக்கும், அடுத்த கல்லைத் தடுக்காது.

"நிறையத் தண்ணீர் குடி" என்கிறார் டாக்டர். எங்கே குடிப்பது? ஒர்க்‌ஷாப்பிலிருந்து குழாய்க்கு மெயின் பிளாக் வரை நடக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் விட மாட்டார். கழிவறை இருக்கும் லட்சணத்தில், நம் சக மாணவிகள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இதை வெளியே சொல்லவும் கூச்சம்.

ஆண்டு விழாவுக்கு லைட் மியூசிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை யூனியன் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டே கேள்விதான் கேட்பேன்: ஒர்க்‌ஷாப் வாசலுக்குக் குடிநீர் எப்போது வரும்? மாணவியர் கழிவறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் எப்போது வரும்?