கத்திரி வெயிலில் ஒரு மனிதவள ஞானம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி மனிதவள அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதி வரிகள் கண்ணில் படவில்லை. (வலது கண்ணுக்கு அது வழக்கம்தான், என் எம்.எஸ். பார்வை நரம்பில்தான் தொடங்கியது.)

சட்டம் நிறுவனங்களின் கையைக் கட்டிப்போடுகிறது என்று புலம்புகிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைப் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தரும் 34ஆம் பிரிவில் எம்.எஸ். என்ற பெயரே இல்லை. பணிக்காலத்தில் உடல்திறன் குன்றியவரை நீக்கக் கூடாது என்கிற 20ஆம் பிரிவின் காப்பும் அரசு நிறுவன ஊழியருக்குத்தான். பட்டியலில் பெயர் உண்டு, பந்தியில் இலை இல்லை. தனியார் முதலாளியின் கையில் எந்தக் கயிற்றைக் கண்டார் இவர்?

நோயை மறைத்துச் சேருவது மோசடியாம். இது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும் நோய். பலருக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியவே வருகிறது. தெரியாததை எப்படி மறைப்பது? தெரிந்தவர் சொன்னால் எடுக்க மாட்டேன் என்று இவரே இரண்டு பத்தி முன்னால் எழுதியிருக்கிறார். வாயைத் திறந்தால் வாசல், மூடினால் மோசடி!

எப்போது படுத்துக்கொள்வார்கள் என்று தெரியாதாம். திடீரென மூண்டு, பிறகு தணிவதுதான் பலருக்கு இந்நோயின் போக்கு. ஆனால் எங்களைத் தினமும் சாய்ப்பது எதுவென்று நன்றாகவே தெரியும்: சூடு. உடற்பயிற்சிக்குப் பின் நோயாளியின் பார்வை மங்குவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் பதிவு செய்தார். உடல் சூடேறுவதுதான் காரணம் என்பது பின்னால் தெளிவானது. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இறக்கிச் சோதித்தார்கள். சென்னையில் தொட்டி எதற்கு? மே மாதத்தில் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் போதும்.

என் பழைய அலுவலகத்தில் மேற்கு வெயில் இறங்கும் கண்ணாடிச் சுவரோரம் என் இருக்கை. ஏசிக்குப் பக்கத்தில் மாற்றித் தரக் கேட்டேன். மருத்துவச் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். இருக்கை அங்கேயே இருந்தது. அந்த வருட மதிப்பீட்டில் மட்டும் நான் இரண்டு படி இறங்கியிருந்தேன். மதியம் அரைமணி ஓய்வு, வெயில் மாதங்களில் வீட்டிலிருந்து வேலை: நாங்கள் கேட்பது இவ்வளவுதான். 2020இல் ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்தது. எங்களுக்கென்றால் மட்டும் நிர்வாகம் குலைந்துவிடுமாம்.

ஐயா, அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு தனியாருக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவித்து, அதன் நகலை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். அடுத்த கட்டுரைக்கு முன் உங்கள் நிறுவனத்தின் நகலை வெளியிடுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன், இடது கண் நன்றாகவே தெரிகிறது.