குற்றவாளிக் கூண்டில் தாய்மார்

பிள்ளையின் கையிலே கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுத் தாய்மார் பொறுப்பற்று இருக்கின்றனர் என்ற குரல் இன்று நாட்டின் மேடைதோறும் ஒலிக்கின்றது. பெற்றோர் கூட்டத்திலே அதிபர் இதனைப் பேசுகிறார்; ஆலய மண்டபத்திலே பிரமுகர் பேசுகிறார்; தொலைபேசிக் கம்பனியொன்றின் செலவிலே நடக்கும் கருத்தரங்கிலே நிபுணர் பேசுகிறார். கைதட்டல் எழுகிறது. தலைகுனிந்து வீடு திரும்புபவள் தாய் மாத்திரமே. இவ்வுபதேசத்தை நாம் ஏற்பதற்கில்லை. அது முழுப்பொய் என்பதனால் அன்று. பாதி உண்மையைப் பறையறைந்து மறுபாதியைப் புதைத்துவிடுகிறது என்பதனாலேயே.

யார் இந்தத் தாய்? ஹற்றனிலே விடியுமுன் எழுந்து கொழுந்தெடுக்க மலையேறுபவள். கட்டுநாயக்காவிலே தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவள். குவைத்திலே அயலார் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவள். கடைசியாகச் சொன்னவளின் வீட்டிலே கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. அதுவே தாயின் முகம். இரவிலே பத்து நிமிடம் அக்கண்ணாடியிலே அவள் தோன்றுகிறாள். அழைப்பு முடிந்ததும் அதே கண்ணாடியிலே காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஓடத் தொடங்குகின்றன. அருகிலிருக்கும் அம்மம்மாவுக்கு அவற்றை நிறுத்தும் வகை தெரியாது. பிள்ளையோடு கூட இருந்து பாருங்கள் என்று இந்தக் கிழவியிடமா நம் நிபுணர் உபதேசிக்கிறார்?

இன்னொன்றையும் நினைவூட்டுதல் வேண்டும். தொலைபேசியைச் சிறுவர் கையிலே திணித்தது யார்? 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபின், முதலாந் தரத்துப் பிள்ளையின் பாடமும் வட்ஸ்அப் வழியே வந்தது. கருவியையோ தரவுக் கட்டணத்தையோ அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததா? இல்லை. போஹிட்டியாவ என்ற குக்கிராமத்துச் சிறுவர் அலை கிடைக்காமற் பாறைக் குன்றொன்றின் உச்சிக்கு ஏறிப் படித்ததை 2021 இல் வெளிநாட்டுச் செய்தியாளர் உலகுக்குக் காட்டினர். ஆசிரியர்களும் தம் சொற்பச் சம்பளத்திலிருந்தே தரவுக்குச் செலவழித்தனர். அவ்வாண்டு ஜூலையிலே சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து அவர்கள் விலகி நின்றபோது அவர்களைத் தூற்றியவர்களே இன்று தாய்மாரையும் தூற்றுகின்றனர். பாடசாலை திறந்தது, தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

இனி, புதைக்கப்பட்ட மறுபாதிக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபரும் யூரியூப் மீது தொடுத்த வழக்கு 2019 செப்டெம்பரிலே இணக்கத்துக்கு வந்தது. அவ்வழக்கின் முறைப்பாட்டை வாசித்தவர்க்கு வேறு சான்று வேண்டியதில்லை. விளையாட்டுப் பொம்மைக் கம்பனிகளிடம் விளம்பரம் கேட்டுச் சென்றபோது, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளை எட்டுவதிலே எமக்கு நிகர் எவருமில்லை என்று யூரியூப் மார்தட்டியது. வேறொரு விளம்பர நிறுவனத்திடமோ, 13 வயதுக்குக் குறைந்தோர் எம்மிடம் இல்லையென்று சொல்லியிருந்தது. பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவர் பார்ப்பதையெல்லாம் பின்தொடர்ந்து, அவர்தம் கவனத்தை விளம்பரகாரருக்கு விற்றது என்பதே குற்றச்சாட்டு. செலுத்திய தொகை 170 மில்லியன் டொலர். பெருந்தொகையென மயங்கவேண்டாம். தாய்க் கம்பனியாகிய அல்பபெற் அவ்வாண்டு ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 162 பில்லியன் டொலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை நாள் வருமானங்கூட இல்லை.

பேஸ்புக்கின் கதையும் இதுவே. பிரான்சஸ் ஹோகன் 2021 இல் வெளியே கொணர்ந்த உள்ளாவணங்கள், 10 முதல் 12 வயதினரை இன்னும் அறுவடை செய்யப்படாத வயலாக அக்கம்பனி கருதியதைக் காட்டின. சிறுவர் கூடி விளையாடும் வேளையைக்கூடத் தம் சேவையைப் பரப்பும் சாதனமாக்கலாமா என அங்கே ஆராய்ந்திருக்கின்றனர்! இத்தனை மூளைகளும் இத்தனை மூலதனமும் ஒருபுறம். ஆறு வயதுப் பிள்ளையும் அதன் அம்மம்மாவும் மறுபுறம். இதற்குப் பெயர் பெற்றோரின் கவனக்குறைவாம்.

இவ்வாதம் புதிதன்று. பிரித்தானியப் பஞ்சாலைகளிலே சிறுவர் நாள் முழுதும் வதைபட்ட காலத்தில், அவர்களைப் பெற்றோரன்றோ அனுப்புகின்றனர் என்று ஆலை முதலாளிமார் கைவிரித்தனர். மார்க்ஸ் அதனை நேர்நிறுத்தினார்: பெற்றோர் தம் அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்ததனாற் சுரண்டல் பிறக்கவில்லை, சுரண்டலே அவ்வதிகாரத்தைச் சீரழித்தது. 1833 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தாய்மாருக்கு உபதேசத்தோடு நின்றுவிடவில்லை. 9 வயதுக்குக் குறைந்தோரை நெசவாலைகளில் வேலைக்கமர்த்துவதைத் தடுத்தது (பட்டாலைகள் தப்பிக்கொண்டன என்பது வேறு கதை). ஆலைக்குட் புக அதிகாரம் பெற்ற பரிசோதகர்களை நியமித்தது.

இன்று எங்கும் சொல்லப்படும் 13 வயதெல்லை உளவியல் அறிஞர் கண்ட எல்லையென எண்ணுவோர் உளர். அது 1998 இல் அமெரிக்கச் சட்டமொன்றிலே இடப்பட்டது. சட்டத்துக்காக உழைத்த எட்வர்ட் மார்க்கி 16 வயதை வேண்டினார். பேரத்திலே 13 ஆயிற்று. அவுஸ்திரேலியா 2024 இல் இயற்றி 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் எல்லையை 16 ஆக்கியது. தடையொன்றினாலேயே எல்லாம் சீராகிவிடும் என்று நாம் நம்பவில்லை. கணக்கின்றியும் பார்க்கக்கூடிய காணொளிகள் ஏராளம். ஆயினும் ஒரு விடயத்திலே அச்சட்டம் நேர்மையானது. தண்டம் கம்பனிக்கு, பிள்ளைக்குமில்லை, பெற்றோருக்குமில்லை.

நமது பாராளுமன்றம் என்ன செய்தது? நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று 2024 இல் ஒன்றை நிறைவேற்றியது. சிறுவருக்கெதிரான குற்றம் பற்றி அதிலே ஒரு பிரிவு உண்டு. ஆனால் சட்டத்தின் உயிர்நாடி, ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்று எக்கூற்றுத் தடைசெய்யப்பட்டதெனத் தீர்மானிப்பதிலேயே இருக்கிறது. பேசுபவனின் வாயைக் கட்டப் பிறந்த சட்டத்துக்குப் பிள்ளையின் பாதுகாப்பு ஒரு முகமூடி. தானே ஓடும் காணொளியைச் சிறுவர் கணக்குகளில் நிறுத்து, அந்நியன் அனுப்பும் செய்தியைத் தடு, தமிழிலும் சிங்களத்திலும் முறைப்பாடு கேட்க ஆள் வை என்று கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் விதிகளையே நாம் கேட்டோம், அவை வரவில்லை.

அதுவரை கைகட்டியிருப்பதா என ஆசிரிய நண்பர் வினவலாம். வேண்டாம். ஆனால் தாயை அதட்டுவதை விட்டு அவள் பக்கத்திலே அமருங்கள். பெற்றோர் கூட்டத்திலே பிரசங்கத்துக்குச் செலவாகும் ஒரு மணித்தியாலத்தில், ஒவ்வொருவரின் தொலைபேசியையும் வாங்கித் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திக் கொடுக்கலாம். உயர்வகுப்பு மாணவர் இதனை நம்மிலும் திறமையாகச் செய்வர். அந்நியன் படம் கேட்டான் என்று பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர், தொலைபேசியைப் பறிக்காதீர் என்று சொல்லுங்கள். அடிக்கஞ்சி மறைக்கும் பிள்ளையையே அக்கயவர் தேடுகின்றனர். அவன் அனுப்பியதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பெண்பிள்ளையிடமிருந்து மட்டும் தொலைபேசியைப் பிடுங்கும் பழைமைவாதிகளுக்கு இங்கே இடங்கொடாதீர்கள்; ஆண்பிள்ளைகளும் இவ்வலையில் வீழ்கின்றனர்.

நம் வீட்டு முற்றத்தையும் கூட்டவேண்டியிருக்கிறது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பெறுபேறு வெளியானதும் என்ன நடக்கிறது? பத்து வயதுப் பிள்ளையின் படம், முழுப்பெயர், பாடசாலை, ஊர், புள்ளி அனைத்தையும் ரியூசன் நிலையங்கள் பேஸ்புக்கிலே கடைவிரிக்கின்றன. பாடசாலைகளும் போட்டியிடுகின்றன. பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. தவறியவளின் மனநிலையை எவரும் நினைப்பதுமில்லை. பிள்ளையைத் தேடும் கயவனுக்கு இதைவிட ஒழுங்கான விலாசப் புத்தகத்தை யார் தயாரித்துக் கொடுப்பார்? இதனை நிறுத்தச் சட்டமும் வேண்டாம், அமெரிக்க நீதிமன்றமும் வேண்டாம். ஆசிரியர் அறையிலே ஒரு தீர்மானம் போதும். அடுத்த பெறுபேறு வருமுன் அத்தீர்மானத்தை எடுக்கும் பாடசாலைகள் எத்தனை என்று பார்ப்போம்.