வயிறு ஒன்று, ஆபரேஷன் மூன்று

"வயிற்றைக் குறைக்கும் ஆபரேஷன்" என்று நம் ஊரில் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். செல்போனைத் திறந்தால் விளம்பரமும் அப்படித்தான் வருகிறது. இடது பக்கம் தொப்பை, வலது பக்கம் தட்டை வயிறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை மாதத்தை மட்டும் எவரும் காட்டுவதில்லை. என் சண்டை அதோடுதான்.

முதலில் பெயர்க் குழப்பம். தமிழில் இரைப்பையையும் வயிறு என்கிறோம், வெளியே தெரியும் தொப்பையையும் வயிறு என்கிறோம். அதனால் மூன்று ஆபரேஷன்கள் ஒரே பெயரில் புழங்குகின்றன. ஒன்று, இரைப்பையையே சிறிதாக்கும் பேரியாட்ரிக். இது கடுமையான உடல் பருமனுக்கு. இரண்டு, லைப்போசக்ஷன். தோலுக்கடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். மூன்றாவது டம்மி டக். தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுத்து, பிள்ளைப்பேற்றில் விலகிய வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைப்பது. இந்த மூன்றாவது, எடை குறைக்கும் வைத்தியமே அல்ல. எடையைக் குறைத்து, அது நிலையாக நின்று, இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தபின் செய்துகொள்வது.

இதையெல்லாம் மினுக்கு என்று நம் வயதுக்காரர்கள் ஏளனம் செய்வதையும் நான் ஏற்கமாட்டேன். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 2018-இல் மார்பகச் சீரமைப்பை இலவசமாகத் தொடங்கியபோதும் இதே பேச்சு எழுந்தது. இரண்டு, மூன்று பிள்ளை பெற்றவளுக்குத் தசை விலகி இடுப்பு வலிக்கிறது. மதுரை வெயிலில் தோல் மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகிறது. அது நோவுதானே?

ஆனால் செய்துகொள்வதென்றால் முழுதும் தெரிந்து செய்யவேண்டும். அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறல். தொப்புளுக்குப் புது இடம். கசியும் நீர் வடிய உடம்பில் குழாய். முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, கூன் போட்டுத்தான் நடக்கவேண்டும். ஆனாலும் கட்டாயம் நடக்கவேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடும். வாரக்கணக்கில் இறுக்கமான பெல்ட். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது. அடிவயிறு மாதக்கணக்கில் மரத்திருக்கும். சர்க்கரை நோய், புகைப் பழக்கம் இருந்தால் காயம் ஆறுவது சிரமம்.

என் அக்கா மகள் இதைச் செய்துகொண்டாள். "பிள்ளையா பெத்தே, இப்படிப் படுத்துக் கிடக்கே?" என்றார் மாமியார். பத்தாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்கினாள். தோலுக்கடியில் நீர் கோத்துக்கொண்டது. மூன்று தடவை ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி கட்டி, பத்தியம் போட்டு, நாற்பது நாள் உட்கார வைத்த வீடுதான் அதுவும்.

உயிர் போன கதைகளும் உண்டு. கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், வயது 21, 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பின் இறந்தார். 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தார், வயது 26. இவை டம்மி டக் அல்ல. ஆனால் மயக்க மருந்தும் கத்தியும் எல்லாவற்றுக்கும் பொது. விளம்பரம் மட்டும் பியூட்டி பார்லர் சமாச்சாரம் போலப் பேசுகிறது.

என் கோரிக்கை பெரிதல்ல. தேதி குறிக்குமுன் அந்த ஆறு வாரத்தையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கவேண்டும், வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்லவேண்டும். கையெழுத்து வாங்கும் ஆங்கிலப் படிவம் அதற்கு ஈடாகாது. போகிறவர்களும் கேட்கவேண்டும்: டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா? மயக்க மருந்து டாக்டர் யார்? ஐ.சி.யூ. அங்கேயே இருக்கிறதா? அழகுக்காகச் செய்வதென்றால் இன்சூரன்ஸ் பணம் தராது என்பதையும் சொன்னார்களா? பெரியாஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. இன்னொரு அபிப்பிராயம் கேட்க அங்கே போகலாம்.

நம் பங்குக்கு நாம் செய்யவேண்டியது ஒன்றுதான். மருமகளோ மகளோ இதற்குப் போனால், அந்த ஆறு வாரமும் குடத்தை நாம் தூக்கவேண்டும். அது முடியாத வீடு, ஆபரேஷனுக்கே சம்மதிக்கக்கூடாது.